மேஜைக்கு அடியில் பிறந்த வார்த்தை

1955-ம் வருஷம், ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில் கேம்பிரிட்ஜ் என்றொரு ஊர். அங்கே எம்.ஐ.டி. இருக்கிறது. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. அந்தக் கல்லூரியில் மாணவர்கள் நடத்திய ஒரு கிளப்பின் கூட்டம். இப்படிப்பட்ட கூட்டங்களில் என்ன பேசுவார்கள்? சந்தா பாக்கி, சாவி யாரிடம் இருக்கிறது, போன வாரம் விளக்கை அணைக்காமல் போன புண்ணியவான் யார்... அவ்வளவுதான். அன்றைக்கு ஓர் உறுப்பினர் எழுந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். வயரிங்கில் வேலை செய்கிறவர்களும் சரி, ‘ஹேக்’ செய்கிறவர்களும் சரி, முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கையை வையுங்கள், ஃபியூஸ் போய்விடுகிறது! செயலாளரும் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

எழுதியவருக்குத் தெரியாது, தான் சரித்திரம் எழுதுகிறோம் என்று. ‘ஹேக்’ என்ற சொல்லை இயந்திரத்தோடும் மின்சாரத்தோடும் சேர்த்துப் பயன்படுத்திய ஆரம்ப கால எழுத்துச் சான்றுகளில் ஒன்று அந்த ஒற்றை வரி.

இன்றைக்கு ஹேக்கர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? பேங்க் அக்கவுன்ட்டில் இருந்து நள்ளிரவில் பணத்தை உருவுகிற திருடன். ஆனால் இந்த வார்த்தை வளர்ந்த இடம் திருடர் குகை அல்ல. பொம்மை ரயில் ஓடும் ஒரு மேஜையின் அடிப்பாகம். அந்த கிளப்பின் பெயர் ‘டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்’.

பொம்மை ரயிலில் ஃபியூஸ் போகிற அளவுக்கு அப்படி என்ன வயரிங் என்று கேட்பீர்கள். அதற்கு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற சின்ன ஊர். 1859-ல் தியோடர் மார்க்லின் என்ற தகரக் கொல்லர், பெண் குழந்தைகளின் பொம்மை வீட்டுக்குத் தேவையான சொப்புச் சாமான்களைத் தகரத்தில் செய்து விற்க ஆரம்பித்தார். 1866-ல் ஒரு விபத்தில் மனிதர் போய்ச் சேர்ந்தார். கடையை மூடியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவருடைய மனைவி கரோலின் லேசுப்பட்டவர் இல்லை. சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். ஒரு பெண் தனியாக வியாபாரத்துக்கு ஊர் சுற்றுவதை அந்தக் காலத்து ஜெர்மனி பார்த்ததே அபூர்வம். அந்த அம்மாள் மட்டும் சோர்ந்து உட்கார்ந்திருந்தால், மார்க்லின் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

பிள்ளைகள் தலையெடுத்தார்கள். 1891-ல் லைப்சிக் சந்தையில் ஒரு புதுச் சரக்கைக் கடை பரப்பினார்கள். சாவி கொடுத்தால் ஓடும் ரயில். அது ஒன்றும் புதிதல்ல. பொம்மை ரயில்கள் அதற்கு முன்பே உண்டு. புதுமை எங்கே இருந்தது தெரியுமா? ரயிலில் இல்லை, தண்டவாளத்தில்! எட்டு வடிவத்தில் தண்டவாளத்தைப் போட்டுக் காட்டினார்கள். துண்டு துண்டாக வாங்கி நீட்டிக்கொண்டே போகலாம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ‘கேஜ்’ என்று பெயர், இல்லையா? மீட்டர் கேஜ், பிராட் கேஜ் எல்லாம் நமக்குத் தெரியும். அதே மாதிரி பொம்மைக்கும் நிரந்தர அளவுகளை நிர்ணயித்தார்கள். இந்த வருஷம் வாங்கிய எஞ்சின், அடுத்த வருஷம் வாங்கும் தண்டவாளத்திலும் ஓடும்.

வியாபார மூளை என்றால் இதுதான். அதுவரை ரயில் என்பது ஒரு பொம்மை. வாங்கினோம், விளையாடினோம், உடைத்தோம், தீர்ந்தது. மார்க்லின் அதை முடிவே இல்லாத ஒரு பழக்கமாக மாற்றிவிட்டது. இன்னும் நாலு துண்டு போட்டால் கட்டிலுக்கு அடியில் போய் வரலாம். இன்னும் ஒரு பாயின்ட் போட்டால் கிளைப் பாதை பிரியும். இதற்கு ஏது எல்லை?

அடுத்து மின்சாரம் வந்தது. நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர் 1900-ல் கம்பெனி ஆரம்பித்தார். மோட்டார் வைத்த ஒரு சின்ன வண்டி செய்தார். எதற்கு? கடை ஜன்னலில் ஓடவிட்டு, உள்ளே இருக்கும் சாமான்களை விற்பதற்கு. ஜனங்களோ சாமானை விட்டுவிட்டு, ‘அந்த வண்டி என்ன விலை?’ என்று கேட்க ஆரம்பித்தார்களாம். அப்படிப் பிறந்ததுதான் ‘லயனல்’ ரயில்.

மின்சார ரயிலில் ஒரு வசதி. தண்டவாளம்தான் வயர். இடது தண்டவாளத்தில் பிளஸ், வலது தண்டவாளத்தில் மைனஸ் கொடுத்தால் சக்கரம் வழியாகக் கரன்ட் ஏறி மோட்டார் சுற்றும். வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கி ஓடும். கையில் ஒரு திருகு இருந்தால் போதும், நீங்கள்தான் டிரைவர்.

வசதி இருக்கும் இடத்தில்தான் வம்பும் இருக்கும். அதே தண்டவாளத்தில் இரண்டாவது எஞ்சினை வைத்துப் பாருங்கள். திருகைத் திருகியதும் இரண்டும் சேர்ந்து கிளம்பும். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். ஏனென்றால் நீங்கள் எஞ்சினுக்கு உத்தரவு போடவே இல்லை. தண்டவாளத்துக்குப் போடுகிறீர்கள்! அதன்மேல் யார் நின்றாலும் ஓடித்தான் தீர வேண்டும். 1935-ல் ‘ட்ரிக்ஸ்’ என்ற ஜெர்மானிய கம்பெனி நடுவில் மூன்றாவது தண்டவாளம் போட்டு, ஒரே பாதையில் இரண்டு ரயிலைத் தனித்தனியாக ஓட்டிக் காட்டியது. சபாஷ்! ஆனால் மூன்றாவது ரயிலுக்கு என்ன செய்ய?

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ‘பிளாக்’. நிஜ ரயில்வேயில் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் என்று சிக்னல் வைப்பதுபோல, மேஜை மேல் இருக்கும் தண்டவாளத்தையும் ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கினார்கள். இடைவெளியில் கரன்ட் தாண்டாதபடி பிளாஸ்டிக் இணைப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர், தனி சுவிட்ச். ரயில் முதல் துண்டில் இருந்து இரண்டாவதுக்குப் போகும்போது, நீங்கள் சுவிட்சு மேல் சுவிட்சாகத் தட்டிக்கொண்டே கூடவே போக வேண்டும். பத்து பிளாக், மூன்று டிரைவர் என்றால் மேஜைக்கு அடியில் வயர் இடியாப்பம்தான்.

இதில் இன்னொரு வில்லங்கம். ரயில் ஒரு வளையம் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வளையத்தைச் சுற்றி வந்த இடது தண்டவாளம் போய்ச் சேர்வது எங்கே? அதே பாதையின் வலது தண்டவாளத்தில்! பிளஸ் போய் மைனஸில் முட்டினால் என்ன ஆகும்? பட்டென்று ஷார்ட் சர்க்யூட். முதல் முறை லேஅவுட் போடும் எந்த ஆசாமியும் இந்தப் பள்ளத்தில் ஒரு தடவையாவது விழாமல் தப்பியதில்லை. வளையத்தின் இரண்டு முனைகளிலும் தண்டவாளத்தை அறுத்து, ரயில் உள்ளே இருக்கும்போதே துருவத்தை மாற்ற ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். மறந்தால் போச்சு, ஃபியூஸ்.

இப்போது எம்.ஐ.டி.க்குத் திரும்புவோம்.

கிளப் 1946 வாக்கில் ஆரம்பித்தது. அவர்களுக்குக் கிடைத்த இடம் ‘பில்டிங் 20’ என்ற மரக் கட்டடம். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆராய்ச்சிக்காக 1943-ல் அவசரமாகக் கட்டியது. யுத்தம் முடிந்ததும் இடித்துவிடுவதாகத்தான் பேச்சு. தற்காலிகம் என்று சொன்ன கட்டடம் அரை நூற்றாண்டு நின்றது! அழகு கிடையாது. அதனாலேயே சுவரில் ஓட்டை போட்டாலும் கேட்பாரில்லை. வயர் இழுக்கிறவனுக்கு இதைவிட சொர்க்கம் உண்டா?

கிளப்பில் இரண்டு கட்சி. ஒன்று மேஜைக்கு மேலே: மலை, மரம், ஸ்டேஷன், பெட்டிக்கு அசல் ரயில்வே கம்பெனியின் சாயம் என்று தத்ரூபமாகச் செய்கிற கத்தி-பிரஷ் கோஷ்டி. இன்னொன்று மேஜைக்குக் கீழே: ‘சிக்னல்ஸ் அண்டு பவர்’ கமிட்டி. இவர்களுக்கு ரயில் எப்படி இருக்கிறது என்பதில் அக்கறை இல்லை. எப்படி ஓடுகிறது என்பதில்தான் வெறி. ஐந்தாறு பேர் ஆளுக்கொரு ரயிலை, ஒரே பாதையில், மோதாமல் ஓட்ட வேண்டும். சுவிட்சு மேல் சுவிட்ச் தட்டுகிற வேலையை மனுஷன் ஏன் செய்ய வேண்டும்? இயந்திரமே செய்யக் கூடாதா?

டெலிபோன் கம்பெனி நன்கொடையாகக் கொடுத்த பழைய எக்ஸ்சேஞ்ச் சாமான்கள் கிடைத்தன. அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் வேலை என்ன? ஆயிரம் வயர்களில், நீங்கள் சுழற்றிய நம்பருக்கு உரிய ஒரே ஒரு வயரைத் தேடிப் பிடித்து இணைப்பது. பையன்களுக்குப் பொறி தட்டியது. பிளாக்குக்கும் இதுதானே வேண்டும்! மேஜைக்கு அடியில் ரிலேக்களை அடுக்கினார்கள். டெலிபோன் டயலைச் சுழற்றினால், உங்களுக்கு வேண்டிய பிளாக் உங்கள் வசம். ரயில் நகர நகர, கீழே ரிலேக்கள் சடசடவென்று தட்டிக்கொண்டே கரன்ட்டை அடுத்த துண்டுக்குக் கைமாற்றும்.

ரயில் எங்காவது மோதப் போகிறதா? அறையைச் சுற்றி அங்கங்கே அவசர சுவிட்ச். யாராவது தட்டினால் எல்லாம் நின்றுவிடும். கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் கடிகாரம் நின்று, நேரத்துக்குப் பதிலாக மூன்று எழுத்து தோன்றும்: ‘ஃபூ’. பழைய காமிக்ஸில் புழங்கிய அர்த்தமற்ற சொல் அது. உங்கள் வீட்டில் சாஃப்ட்வேர் பிள்ளை யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். புரோகிராம் பாடத்தில் உதாரணத்துக்குப் பெயர் வைக்கும்போது ‘ஃபூ’, ‘பார்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தப் பழக்கம் பரவியதில் இந்த ரயில் மேஜைக்கும் பங்கு உண்டு.

1959-ல் பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர், கிளப்பின் கொச்சை மொழிக்கு ஒரு குட்டி அகராதியே தொகுத்தார். அதில் ‘ஹேக்’ என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த முதல் அர்த்தம் என்ன தெரியுமா? உருப்படியான நோக்கம் எதுவும் இல்லாமல் செய்கிற காரியம்!

நம்ம வீடுகளில் தினமும் ஒலிக்கிற வாக்கியம் ஞாபகம் வருகிறதா? ‘உருப்படியா ஏதாவது பண்ணேன்டா!’ அந்த உருப்படாத வேலைக்குத்தான் அவர்கள் பெருமையோடு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு சுற்றில் ஐந்து ரிலே இருக்கிற இடத்தில் மூன்றை வைத்தே ஓட்டிக் காட்டுகிறவன்தான் ஹேக்கர். மார்க்கும் கிடையாது, காசும் கிடையாது. மேஜைக்கு அடியில் படுத்திருக்கும் மற்ற நாலு பேர் ‘பலே’ என்பார்கள். அதுதான் சம்பளம்.

இந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்குள் கம்ப்யூட்டர் வந்தது. பெரிய ஐ.பி.எம். இயந்திரம் ஒன்று இருந்தது. ஆனால் கர்ப்பக்கிரகம் மாதிரி. மாணவன் உள்ளே போகக் கூடாது. துளை போட்ட அட்டைகளைப் பூசாரியிடம் அர்ச்சனைத் தட்டுபோல் கொடுத்துவிட்டு, பிரசாதத்துக்குக் காத்திருக்க வேண்டும். 1958-ல் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இருந்து ‘டி.எக்ஸ்-ஜீரோ’ என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. இதன் முன்னால் நேராக உட்காரலாம். தட்டினால் உடனே பதில் சொல்லும். ஜாக் டென்னிஸ் என்பவர் ரயில் கிளப்பின் பழைய உறுப்பினர், அப்போது அங்கேயே ஆசிரியர். அவர் பயல்களைக் கூட்டிக்கொண்டுபோய் இந்த இயந்திரத்தின் முன்னால் விட்டார்.

அவ்வளவுதான். சாம்சன், ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் எல்லோரும் மேஜைக்கு அடியில் இருந்து எழுந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பகலில் பேராசிரியர்கள் உபயோகிப்பார்கள் என்பதால் இவர்களுக்கு ராத்திரிதான் பகல். ரிலே என்பது என்ன? ஒன்று திறந்திருக்கும், இல்லை மூடியிருக்கும். கம்ப்யூட்டரும் அதே ஒன்று-பூஜ்யம் சமாசாரம்தான். ரயிலில் கற்ற பாடத்தை இங்கே பாஷை மாற்றிப் படித்தார்கள், அவ்வளவே.

1962-ல் எம்.ஐ.டி.யின் பி.டி.பி-1 கம்ப்யூட்டரில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டு பிறந்தது. ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதியது. இரண்டு விண்கலங்கள் சுட்டுக்கொள்ளும். இயந்திரத்தின் சுவிட்சுகளையே தட்டித் தட்டி விளையாடியதில் முழங்கை வலி எடுத்தது. கோடாக்கும் சாண்டர்ஸும் நேராக ரயில் கிளப்புக்குப் போனார்கள். அங்கே கிடந்த மரத்துண்டு, சுவிட்ச், வயர் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, கையில் பிடித்து விளையாட இரண்டு பெட்டிகள் செய்தார்கள். இன்றைக்கு உங்கள் பையன் வீடியோ கேமில் கட்டைவிரல் தேய அமுக்குகிறானே, அந்தச் சாதனத்தின் தாத்தா, பொம்மை ரயிலின் உதிரி பாகத்தில் செய்தது!

சரி, ரயில் என்ன ஆயிற்று? எம்.ஐ.டி. பையன்கள் மேஜையை புத்திசாலி ஆக்கினார்கள். எஞ்சின் முட்டாளாகவே இருந்தது. தலைகீழாக யோசித்தால்? மேஜை சும்மா இருக்கட்டும், புத்தியை எஞ்சினுக்குள் வைத்தால்? லயனல் கம்பெனி 1946-லேயே, தண்டவாளம் வழியாக ரேடியோ அலை அனுப்பிப் பெட்டிகளுக்கு உத்தரவு போடுகிற செட் விற்றுப் பார்த்தது. 1960-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஐந்து ரயில்களைத் தனித்தனியாக ஓட்டும் சாதனத்தைக் கொண்டுவந்தது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எஞ்சின் வயிற்றுக்குள் அடங்கும் அளவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் இன்னும் சுருங்கவில்லை.

மைக்ரோசிப் சுருங்கியது. 1985-ல் அதே கரோலின் அம்மாளின் மார்க்லின் கம்பெனி டிஜிட்டல் ரயிலைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் லென்ஸ் எலெக்ட்ரானிக் நிறுவனம், இரண்டு தண்டவாள ரயில்களுக்கு ஏற்ற இன்னொரு முறையை வடிவமைத்தது. இதற்குள் ஆளுக்கொரு பாஷை. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் எஞ்சினோடு பேசாது. 1935-ல் அமெரிக்காவில் ரசிகர்களே சேர்ந்து தொடங்கிய தேசிய மாடல் ரயில்ரோட் சங்கம் தலையிட்டது. லென்ஸ் முறையை அடிப்படையாக வைத்து 1990-களில் பொது விதிகளை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் அதன்படி செய்து விற்கலாம். அதுதான் டி.சி.சி. 1891-ல் கேஜுக்கு நடந்தது, நூறு வருஷம் கழித்து பாஷைக்கு நடந்தது.

டி.சி.சி.யின் சூட்சுமம் இதுதான். தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். ஆனால் பிளஸ்ஸும் மைனஸும் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். செகண்டை பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு மைக்ரோசெகண்ட் என்று பெயர். பிளஸ்ஸிலும் மைனஸிலும் 58 மைக்ரோசெகண்ட் வீதம் தங்கினால் ‘ஒன்று’. 100 அல்லது அதற்கு மேல் தங்கினால் ‘பூஜ்யம்’. இந்த ஒன்று, பூஜ்யங்களால் ஒரு கடிதம். கடிதத்தில் எஞ்சின் நம்பர், உத்தரவு, கடைசியில் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு கூட்டுக் கணக்கு.

வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. எல்லா எஞ்சினுக்கும் எல்லா நம்பரும் கேட்கும். தன் நம்பர் வந்தால் மட்டும் ‘உள்ளேன் ஐயா’ என்று கிளம்பும். மற்றவை வாயைத் திறக்காது. எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட், அதே கரன்ட்டை எடுத்து மோட்டாருக்கு வேண்டிய அளவு அளந்து கொடுக்கும். ரயில் நின்றுகொண்டிருந்தாலும் முன்விளக்கு எரியும், விசில் ஊதும். நேருக்கு நேர் மோதவிடவும் முடியும் என்பது தனிச் சிறப்பு!

‘அப்படியானால் இரண்டே வயர் போதுமே’ என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். தண்டவாளம் இப்போது சோறு மட்டும் போடவில்லை, சேதியும் சொல்கிறது. இணைப்பு லூஸாக இருந்தால், தூசி படிந்திருந்தால், பழைய ரயில் சற்று விக்கிவிட்டு ஓடிவிடும். டிஜிட்டல் எஞ்சினோ நினைவு தப்பி நடுவழியில் நிற்கும். அதனால் மேஜைக்கு அடியில் தடித்த இரண்டு செம்புக் கம்பிகளை நீள ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதில் இருந்து மெல்லிய வயர் எடுத்துப் பற்றவைக்கச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். மரம் சுருங்கி விரிந்தால் தண்டவாளம் நெளியாமல் இருக்க, அங்கங்கே மயிரிழை இடைவெளி விட வேண்டும். அந்தப் பழைய வளையத்தின் ஷார்ட் சர்க்யூட்டும் ஒழியவில்லை. இப்போது துருவத்தை மாற்ற ஒரு தானியங்கிப் பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டின் உச்சத்தைப் பார்க்க ஜெர்மனியின் ஹாம்பர்க் போக வேண்டும். கெரிட், ஃபிரெடரிக் பிரவுன் என்ற இரட்டையர்கள் அங்கே டிஸ்கோ நடத்திக்கொண்டிருந்தார்கள். 2000-ல் ஃபிரெடரிக் சூரிச் நகரத்தில் ஒரு மாடல் ரயில் கடையைப் பார்த்தார். சின்ன வயசு ஆசை கிளம்பிவிட்டது. 2001 ஆகஸ்டில் ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’ திறந்தார்கள். இன்று அங்கே பதினாறு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம், ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள், எல்லாம் கம்ப்யூட்டர் சொல்படி. எம்.ஐ.டி. பையன்கள் ரிலே சத்தத்தில் கண்ட கனவின் முழு வடிவம்.

அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? கோடாக், பி.டி.பி-10 என்ற புகழ்பெற்ற கம்ப்யூட்டரின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். பிற்காலத்தில், வலைத்தளங்களுக்கான பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருந்து, 2006-ல் காலமானார். பில்டிங் 20-ஐ 1998-ல் இடித்துவிட்டார்கள். கிளப் அதற்கு முன்பே வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது. ‘ஹேக்கர்’ என்ற வார்த்தை மட்டும் எப்படியோ திருடர்கள் கைக்குப் போய்விட்டது. அந்தப் பழைய ஆட்களுக்கு அதில் கடைசிவரை வருத்தம்தான். அடுத்தவன் பூட்டை உடைப்பது அவர்கள் அகராதியில் இல்லாத அர்த்தம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ, பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்டு, சம்பந்தமில்லாத நாலு வயரை எதிலோ சொருகிக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் உட்கார்ந்திருக்கலாம். ‘இதனால் என்ன பிரயோஜனம்?’ என்ற கேள்வி உங்கள் நாக்கு நுனி வரை வரும். கொஞ்சம் விழுங்கிவிடுங்கள். வேண்டுமானால் அந்த 1955-ம் வருஷத்து ஆசாமி சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

மெயினை அணைச்சிட்டுக் கை வைடா, கண்ணா!